இந்த சீசனில் எதைத் தொடர்கிறீர்கள், எதைக் கைகழுவினீர்கள்?

#1 பாதிக்கதை

2025 செப்டம்பரில் கிளம்பிய தொடர்க் கூட்டம் டிசம்பர் பாதிக்கு வந்துவிட்டது. பழைய தொடர்களின் புது சீசன், புத்தம் புதுத் தொடர் என்று ஏழெட்டைத் தொட்டுப் பார்த்தேன். நேற்று உட்கார்ந்து எண்ணினால் முழுதாக முடித்தது இரண்டே இரண்டு. அதைச் சொல்லிவிட்டு உங்கள் கணக்கையும் கேட்கலாம் என்றுதான் இந்த இழை.

முதலாவது ஸ்லோ ஹார்சஸ் என்ற உளவாளித் தொடரின் ஐந்தாம் சீசன். ஆறே எபிசோட். செப்டம்பர் 24-இல் ஆரம்பித்து வாரம் ஒன்றாக அக்டோபர் 29-இல் முடித்துக்கொண்டார்கள். கேரி ஓல்ட்மேன் வழக்கம்போல அழுக்குக் கோட்டும் ஓட்டை சாக்ஸுமாக உட்கார்ந்து எல்லாரையும் திட்டுகிறார். இந்த முறை கதை ரோடி ஹோவைச் சுற்றிப் போகிறது. தன்னை மன்மதன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அந்தக் கம்ப்யூட்டர் ஆசாமிக்கு நிஜமாகவே ஓர் அழகான காதலி அமைந்துவிட, ஆபீஸில் ஒருவராலும் அதை நம்ப முடியவில்லை. அவனுக்கு மட்டும் அதில் ஆச்சரியமே இல்லை. நான்காம் சீசன் அளவுக்குக் கனம் இல்லைதான். ஆனால் ஓரிடத்தில்கூட நான் ரிமோட்டைத் தேடவில்லை.

இரண்டாவது டாஸ்க். ஏழு எபிசோட். முன்பு பாதிரியாராக இருந்து எஃப்.பி.ஐ.க்கு வந்த மார்க் ரஃபலோ ஒரு பக்கம், பகலில் குப்பை லாரி ஓட்டி இரவில் போதைமருந்துக் கும்பலின் வீடுகளைக் கொள்ளையடிக்கும் டாம் பெல்ஃப்ரி இன்னொரு பக்கம். யார் ஜெயித்தாலும் நமக்கு வயிறு கலங்குகிற மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

பாதியில் விட்டவைதான் எனக்கு உறுத்தல். வெட்னஸ்டே இரண்டாம் சீசன், ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் ஐந்தாம் சீசன். இரண்டுமே மோசம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை, அவ்வளவுதான்.

நானும் அம்மாவும் சேர்ந்துதான் பார்ப்போம். எந்தத் தொடரானாலும் அம்மாவுக்கு ஒரே கேள்வி: "இது யாருடா?" முகம் மறந்துபோகும், பெயர் மறந்துபோகும். நான் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பேன். அதில் ஒரு பெருமையும் உண்டு. போன மாதம் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் போட்டோம். பத்தாவது நிமிடத்தில் "இது யாருடா?" என்றார். நிறுத்தினேன். கண்ணைப் பாதி மூடிய நிலையில் ஒரு முகம் திரையில் உறைந்து நிற்கிறது. எனக்கும் யாரென்று தெரியவில்லை. போனை எடுத்துத் தேடினேன். போன சீசன் சுருக்கத்தைப் படித்தேன், அதில் வந்த இன்னொரு பெயர் புரியாமல் அதற்கும் முந்தைய சீசனுக்குப் போனேன். தலையைத் தூக்கினால் அம்மா கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டிருந்தார்.

மூன்று வருடம் கழித்து வந்து நின்றுகொண்டு "என்னைத் தெரியுதா?" என்று கேட்கிற தொடர்களுக்கு நான் இனிமேல் "தெரியலை" என்றுதான் பதில் சொல்லப் போகிறேன். உங்களுக்கு எப்படி?

#2 ஆறு எபிசோட்

ஸ்லோ ஹார்சஸ் சொன்ன நேரத்துக்கு வருவதில் மாயம் ஒன்றும் இல்லை. முதல் இரண்டு சீசனையும் சேர்த்தே எடுத்து முடித்தார்கள். 2022 ஏப்ரலில் ஒன்று, அதே வருடம் டிசம்பரில் அடுத்தது. மூன்றும் நான்கும் அப்படித்தான், ஒரே மூச்சில் படப்பிடிப்பு. முதல் சீசனின் கடைசி எபிசோட் முடிந்த கையோடு இரண்டாம் சீசன் ட்ரெய்லரைப் போட்டார்களே, நினைவிருக்கிறதா? "அடுத்தது தயார், கவலைப்படாதே" என்று ஆள் வந்து தோளைத் தட்டிய மாதிரி இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே ஒரு சீசன் என்பது ஒரு நாவல். ஆறு எபிசோடில் வழக்கு தீர்ந்துவிடும். போன வருடம் யார் யாரைக் கடத்தினார்கள் என்பது மறந்துபோனாலும் நஷ்டமில்லை. ஓல்ட்மேன் கெட்ட வாயும் நல்ல மூளையும் உள்ள ஆள் என்பது நினைவிருந்தால் போதும்.

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் கணக்கைப் பாருங்கள். 2016 ஜூலையில் ஆரம்பம். 8, 9, 8, 9, 8 என்று ஐந்து சீசனுக்கும் சேர்த்து 42 எபிசோட். அதற்கு ஒன்பதரை வருடம்! கதைக்குள்ளே இதுவரை 1983-இலிருந்து 1987 வரைக்கும்தான் போயிருக்கிறது. நாலு வருடக் கதையை எடுத்து முடிப்பதற்குள் பையன்களுக்கு மீசை முளைத்து, ஒருத்திக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

#3 கண்ணாடிக்காரி

பாதிக்கதை, உங்கள் அம்மா தூங்கிப்போனது வருத்தம்தான். ஆனால் வாதத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

செவரன்ஸ் முதல் சீசன் 2022 ஏப்ரலில் முடிந்தது. இரண்டாம் சீசன் வந்தது 2025 ஜனவரி 17. கிட்டத்தட்ட மூன்று வருடம். நான் என்ன செய்தேன்? ஒரு சனி ஞாயிறில் பழைய ஒன்பது எபிசோடையும் திரும்பப் பார்த்தேன். முதல் தடவை கண்ணில் படாத எத்தனையோ விஷயம் அப்போதுதான் தெரிந்தது. வெள்ளை நடைபாதையில் ஒருவர் நடந்து போகிற காட்சியில் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பதைக்கூட யோசித்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தொடரில் பெயர்கள் ஓடும் தொடக்கக் காட்சிக்கே எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருது கிடைத்தது. நான் அதை ஒருநாளும் தாண்டிவிட்டுப் போனதில்லை.

ஆண்டோர் தொடரும் அப்படித்தான். 2022-இல் 12 எபிசோட், அப்புறம் இரண்டரை வருடம் இடைவெளி, 2025 ஏப்ரலில் இன்னொரு 12. வாரத்துக்கு மூன்று மூன்றாக நாலு வாரத்தில் கொடுத்துவிட்டார்கள். மூன்று எபிசோட் சேர்ந்தால் கதையில் ஒரு வருடம். வாரக் கடைசியில் ஒரு முழுப்படம் பார்த்த நிறைவு. இதை அவசரமாக வருடாவருடம் எடுத்திருந்தால் இப்படி வந்திருக்குமா?

நேரத்துக்கு வந்துவிட்டது என்பதற்காகச் சுமாரானதைத் தூக்கி வைத்துக்கொண்டாட முடியாது.

#4 பாதிக்கதை

கண்ணாடிக்காரி, நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த ஒன்பது எபிசோடையும் திரும்பப் பார்ப்பது உங்களுக்குச் சந்தோஷம், எனக்கு வீட்டுப்பாடம். வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் இரவில் ஒரு மணி நேரம் கிடைக்கும். அதில் போன சீசனைப் படித்துத் தேறிவிட்டு வா என்றால் நான் ஃபெயில்தான்.

#5 பழைய ஆண்டெனா

வயசான ஆள் ஒருத்தன் பேசலாமா?

காத்திருப்பு உங்கள் காலத்து வியாதி இல்லை. 1980 மார்ச்சில் டாலஸ் என்ற அமெரிக்கத் தொடரில் ஜே.ஆர். என்கிற வில்லனை யாரோ சுட்டுவிட்டார்கள். சீசன் அத்தோடு முடிந்தது. அப்புறம் நடிகர்கள் ஸ்டிரைக் வேறு வந்து புது சீசன் தள்ளிப்போக, சுட்டது யார் என்று சொன்ன எபிசோட் நவம்பர் 21-ஆம் தேதிதான் வந்தது. அன்றைக்கு அமெரிக்காவில் மட்டும் சுமார் 8 கோடியே 30 லட்சம் பேர் டிவி முன்னால். எட்டு மாதம் ஒருத்தருக்கும் ஒன்றும் மறக்கவில்லை. எப்படி மறக்கும்? ஊர் முழுக்க அதே பேச்சு. இப்போது ஆளுக்கு ஒரு தொடர். பக்கத்து மேசைக்காரர் பார்ப்பதை நாம் பார்ப்பதில்லை. நாம் தனியாகக் காத்திருக்கிறோம், அதனால் தனியாக மறந்துபோகிறோம்.

அப்போதெல்லாம் ஒரு சீசன் என்றால் 22 எபிசோட், சில சமயம் 24. செப்டம்பரில் தொடங்கி மே வரைக்கும். ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருப்பார்கள், ஒரு பக்கம் படப்பிடிப்பு நடக்கும், ஒரு பக்கம் ஒளிபரப்பாகும். அதில் ஒரு வசதி இருந்தது. ஒரு நடிகர் எடுபட்டால் உடனே வேலையை நீட்டிக்கலாம். லாஸ்ட் தொடரில் பென் லைனஸாக வந்த மைக்கேல் எமர்சனை முதலில் கூப்பிட்டது மூன்றே எபிசோடுக்கு. கடைசியில் அவரில்லாமல் கதையே இல்லை. இப்போது எட்டு எபிசோடையும் எழுதி, எடுத்து, கிராபிக்ஸ் முடித்துப் பெட்டியில் போட்ட பிறகுதான் நம் கண்ணில் காட்டுகிறார்கள். யார் எடுபட்டார் என்று தெரிவதற்குள் கதை முடிந்திருக்கிறது.

பழசு எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. 22-இல் ஏழெட்டு வெறும் இட்டுநிரப்பல். பணம் தீர்ந்துபோனால் ரெண்டு பேரை லிஃப்டுக்குள் மாட்டிவிட்டு ஒரு எபிசோடை ஓட்டுவார்கள். அதையும் மீறினால் பழைய காட்சிகளை வெட்டி ஒட்டி "உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று ஒரு எபிசோட். பாதிக்கதைக்கு அது பிடித்திருக்கும்!

அப்புறம், மூன்று வருடத்துக்கே அலுத்துக்கொள்கிறவர்கள் கவனத்துக்கு: ட்வின் பீக்ஸ் இரண்டாம் சீசன் 1991 ஜூனில் முடிந்தது. மூன்றாவது வந்தது 2017 மே மாதம். நான் காத்திருந்தேன். வந்ததும் புரியவில்லை. அது வேறு விஷயம்.

#6 நடுநிசி நர்ஸ்

அடுத்த சீசன் ஜனவரி 8-இல் வருகிறது என்பதால் இதையும் கணக்கில் சேர்க்கிறேன். த பிட். முதல் சீசன் இந்த வருடம் ஜனவரி 9. ஒரு வருடத்துக்கு ஒரு நாள் குறைவு! அதுவும் ஆறு எட்டு இல்லை, 15 எபிசோட்.

பார்க்காதவர்களுக்கு: ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. ஒரே ஷிஃப்ட். ஒரு எபிசோட் ஒரு மணி நேரம், காலை ஏழு மணிக்கு ஆரம்பம். 1994-இலிருந்து 15 சீசன் ஓடிய ஈஆர் தொடரில் சின்ன டாக்டராக வந்த நோவா வைலிதான் இதில் பெரிய டாக்டர். எம்மியில் சிறந்த நாடகத் தொடர் விருதும் இதற்குத்தான்.

நான் இதே வேலை. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து, திரைச்சீலையை இழுத்து விட்டுவிட்டு, காலை எட்டரைக்கு யாரோ வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பைத்தியமா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆனால் மற்ற மருத்துவத் தொடர்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். மானிட்டரில் கோடு நேராகப் போனதும் உடனே ரெண்டு தட்டை எடுத்து நெஞ்சில் வைத்து ஷாக் கொடுப்பார்கள், ஆள் துள்ளுவான், எழுந்து உட்காருவான். நேர்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதே இல்லை. இதயம் தாறுமாறாக நடுங்கும்போது அதை நிறுத்தி ஒழுங்குபடுத்தத்தான் ஷாக். கோடு நேராகிவிட்டால் நெஞ்சை அழுத்துவதும் மருந்தும்தான். நிமிடத்துக்கு 100-லிருந்து 120 தடவை அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒருவரால் ஒழுங்காக முடியாது, ஆள் மாற வேண்டும். த பிட்டில் அந்த ஆள் மாறுகிற நொடியைக் காட்டுகிறார்கள். ஒருத்தி கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்கிறாள், இன்னொருத்தன் முட்டியை ஊன்றுகிறான். யாரும் வசனம் பேசவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கே தோள் வலித்தது.

தலைமை நர்ஸ் டேனாவாக வந்த கேத்தரின் லனாசாவுக்கும் எம்மி கிடைத்தது. நர்ஸ் என்றால் டாக்டர் பின்னால் தட்டு பிடித்து நிற்கிற ஆள் என்று காட்டாமல், அந்தத் தளத்தையே நடத்துகிறவள் என்று காட்டியதற்கு என் தனிப்பட்ட நன்றி.

நேரத்துக்கு வருவதில் மாயம் இல்லை என்று ஆறு எபிசோட் சொன்னது இதற்கும் பொருந்தும். நிறைய கிராபிக்ஸ் கிடையாது, பெரும்பாலும் ஒரே செட், ஒரே உடை. அதனால் வருடத்துக்கு 15 கொடுக்க முடிகிறது.

#7 முடிந்தபின் பார்ப்பவன்

எதற்கு இவ்வளவு கஷ்டம்? தொடர் மொத்தமாக முடிந்த பிறகு ஆரம்பியுங்கள். நான் அப்படித்தான். காலப் பயணக் கதையான டார்க் தொடரை மூன்று சீசனும் வந்த பிறகுதான் தொட்டேன். 26 எபிசோட், 12 நாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு குடும்பத்தின் வம்சாவளியை வரைந்து வைத்துக்கொண்டேன். நடுவில் கோடுகள் வட்டமாகத் திரும்பி வர ஆரம்பித்ததும் அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிட்டது. 2017-இலிருந்து 2020 வரை இடைவெளி விட்டுப் பார்த்தவர்கள் எப்படிப் பிழைத்தார்களோ தெரியாது.

காத்திருக்கவும் வேண்டாம், மறக்கவும் வேண்டாம்.

#8 வாராவாரம்

உங்களைப் போன்றவர்களால்தான், பாஸ், பாதித் தொடர்கள் சாகின்றன.

டார்க் எடுத்த அதே ஜோடிதான் 1899 என்ற கப்பல் தொடரையும் எடுத்தார்கள். 2022 நவம்பரில் வந்தது. மூன்று சீசனுக்குத் திட்டம் வைத்திருந்தார்கள். 2023 ஜனவரி பிறந்த உடனே ரத்து. ஆயிரம் கேள்வியோடு அப்படியே நிற்கிறது கப்பல். "முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று நீங்கள் ஓரமாக வைத்தீர்கள். அது முடிந்துதான் போயிற்று!

நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூனிலிருந்து எப்படி எண்ணுகிறது தெரியுமா? மொத்தம் பார்க்கப்பட்ட மணி நேரத்தைத் தொடரின் மொத்த நீளத்தால் வகுத்தால் வருவது ஒரு பார்வை எண்ணிக்கை. எக்காலத்துக்குமான வரிசைப் பட்டியலுக்கு முதல் 91 நாள் கணக்குதான். நீங்கள் நாலு வருடம் கழித்து 12 நாளில் பார்த்து ஆகா என்று சொன்னால் யார் காதில் விழும்?

#9 முடிந்தபின் பார்ப்பவன்

கோபம் வேண்டாம் வாராவாரம். ஒரு தொடர் பிழைப்பதற்கு நான் என்ன செய்ய முடியும்? பாதியில் நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் நான் ஆரம்பிப்பதில்லை. நான் ஆரம்பிக்காததால் பாதியில் நிறுத்துகிறார்கள். டார்க் கதையே இதுதான்.

#10 ஆறு எபிசோட்

இதற்குத்தான் ஒரே சீசனில் முடிகிற தொடர். அடலசன்ஸ் நாலே எபிசோட். ஒவ்வொன்றும் ஒரே ஷாட், வெட்டு கிடையாது. ஒரு ராத்திரியில் முடித்துவிட்டு மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. அடுத்த சீசன் வருமா என்ற கவலையே இல்லை, வேறு கவலைதான்.

#11 சப்டைட்டில் பிரியன்

நான் ஒரு துணைக்கேள்வி கேட்கலாமா? யாராவது இப்போது சப்டைட்டில் இல்லாமல் பார்க்கிறீர்களா? வசனம் காதில் விழுவதே இல்லை. முணுமுணுப்பு, முணுமுணுப்பு, திடீரென்று டமால். ரிமோட்டில் என் கட்டைவிரல் எந்நேரமும் ஒலி பட்டனில்தான்.

எனக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும், ஆனாலும் எழுத்து கீழே ஓடினால்தான் நிம்மதி. அதிலும் காது கேளாதவர்களுக்கான சப்டைட்டில் போட்டால் தனி சுகம். ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் நாலாம் சீசனில் அரக்கனின் கொடிகள் ஈரமாக நெளிகின்றன என்று சத்தத்தையே வர்ணித்திருந்தார்களே, அதை எழுதியவருக்கு ஒரு கவிதைத் தொகுப்பு போட வேண்டும். காட்சியில் நான் பயப்படவில்லை, அந்த வரியைப் படித்துப் பயந்தேன்.

இன்னொரு பயன்: பேசுகிறவர் திரையில் இல்லாவிட்டால் பெயரைப் போட்டுவிடுவார்கள். பாதிக்கதையின் அம்மா கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

#12 பாதிக்கதை

நல்ல யோசனைதான். அம்மாவுக்கு அந்த வேகத்தில் படிக்க வராது. "நீ படிச்சுச் சொல்லு" என்பார். பிறகு நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார், திரையைப் பார்க்க மாட்டார்.

#13 சும்மா வந்தேன்

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் விட்டவர்கள் நாலாவது எபிசோட் வரைக்குமாவது போங்கள். கடைசி அஞ்சு நிமிடத்தில் வில் இருக்கிறானே, அவன் கையைத் தூக்கி (மிச்சத்தை மட்டுறுத்துநர் நீக்கியிருக்கிறார்)

#14 கண்ணாடிக்காரி

ஐயோ, நான் மூணாவதில் இருக்கிறேன்!

#15 சும்மா வந்தேன்

மன்னிக்கணும். உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன். வந்தே மூணு வாரம் ஆகிறதே, எல்லாரும் பார்த்திருப்பீர்கள் என்று நினைத்தேன். அடுத்த மூன்று எபிசோட் 25-ஆம் தேதி, கடைசி ஒன்று 31. அதுவரை வாயைத் திறக்க மாட்டேன்.

#16 வாராவாரம்

இவ்வளவு பேசிவிட்டு ப்ளூரிபஸ் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே! இந்த சீசனின் ராஜா அதுதான். நவம்பர் 7-இல் இரண்டு எபிசோட் வந்தது, இப்போது ஏழு வரைக்கும் வந்திருக்கிறது.

பிரேக்கிங் பேட் எடுத்த வின்ஸ் கில்லிகன், பெட்டர் கால் சாலில் கிம்மாக வந்த ரியா சீஹார்ன். கதை இவ்வளவுதான்: வானத்திலிருந்து வந்த ஒரு சமிக்ஞையை ஆராய்ச்சிக்காரர்கள் சோதனைக்கூடத்தில் உருவாக்கிப் பார்க்க, அது தொற்றாகப் பரவி உலகத்து மனிதர் எல்லாரும் ஒரே மனமாகிவிடுகிறார்கள். சண்டை இல்லை, பொய் இல்லை, எல்லாருக்கும் சந்தோஷம். தொற்றாமல் தப்பித்தவர்கள் மிகச் சிலர். அதில் ஒருத்தி கரோல். காதல் நாவல் எழுதிச் சம்பாதித்து, அதைப் படிக்கிறவர்களையே வெறுக்கிற சிடுமூஞ்சி.

மூன்றாவது எபிசோடில் ஒரு காட்சி. தன் வழக்கமான சூப்பர்மார்க்கெட்டுக்குப் போகிறாள். அலமாரி எல்லாம் காலி. சரக்கை எல்லாம் வேறு இடத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். எனக்கு என் கடை வேண்டும் என்று எரிந்து விழுகிறாள். கொஞ்ச நேரத்தில் லாரி லாரியாக வந்து நிற்கிறது. ஆட்கள் இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல், ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல், அலமாரி அலமாரியாக அடுக்கிவிட்டுப் போகிறார்கள். ஒரே ஒருத்திக்காக ஒரு முழுக் கடை! அவள் நன்றிகூடச் சொல்வதில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயமா அழகா என்று இன்னும் தெரியவில்லை.

#17 முடிந்தபின் பார்ப்பவன்

கொள்கையை மீறி இதை மட்டும் ரெண்டு எபிசோட் பார்த்தேன். ஆமை. அவள் தோட்டத்தில் குழி வெட்டுகிறாள், வெட்டுகிறாள், வெட்டிக்கொண்டே இருக்கிறாள். நான் போய் ஒரு மண்வெட்டி எடுத்து உதவி செய்திருப்பேன்.

#18 கண்ணாடிக்காரி

முதலில் எனக்கும் மெதுவாகத்தான் பட்டது. ஆனால் ஏழாவது எபிசோடில் தொற்றாத இன்னொருவரான மனூசோஸ் பராகுவேயிலிருந்து தன்னந்தனியாகக் காரில் கிளம்பி வருகிறாரே, கேசட்டைப் போட்டு ஆங்கில வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு. நிற்கிற கார்களிலிருந்து பெட்ரோல் உறிஞ்சி எடுத்தால் அதற்குப் பணம் வைத்துவிட்டுப் போகிறார். வாங்கிக்கொள்ள அங்கே சொந்தக்காரன் என்று ஒருத்தனே இல்லை! அந்த மனிதர் யார் என்று புரிய அதற்கு மேல் ஒரு வசனம் தேவையா? இப்போதெல்லாம் பல தொடர்களில் கதாபாத்திரம் கதவைத் திறந்துகொண்டே "நான் கதவைத் திறக்கிறேன்" என்கிறது, நாம் போனைப் பார்த்துக்கொண்டிருப்போம் என்ற தைரியத்தில். இதில் போனைப் பார்த்தால் கதை போய்விடும்.

#19 பழைய ஆண்டெனா

வசனமே இல்லாத எபிசோட் என்றால் சப்டைட்டில் பிரியன் என்ன செய்வார்?

#20 சப்டைட்டில் பிரியன்

"காற்று வீசுகிறது", "தூரத்தில் கார் சத்தம்." எனக்கு அது போதும்.

#21 நடுநிசி நர்ஸ்

பாதிக்கதை, எனக்கு ஒன்று தோன்றுகிறது. உங்கள் அம்மாவுக்கு ப்ளூரிபஸ் போட்டுக் காட்டுங்கள். முதல் சீசன், பழைய பாக்கி எதுவும் இல்லை. தவிர, திரையில் யார் வந்தாலும் அவர் யார் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான்!

#22 ஆறு எபிசோட்

நர்ஸம்மா, அபாரம். ஆரம்பத்திலேயே இரண்டு சீசனுக்கு ஆர்டர் கொடுத்துவிட்ட தொடர் வேறு. நடுவில் நிறுத்திவிடுவார்கள் என்ற பயமும் இல்லை. அடுத்தது எப்போது வரும் என்பதை மட்டும் இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

#23 பாதிக்கதை

மூன்று நாள் கழித்து வருகிறேன். நேற்றிரவு போட்டோம்.

முதல் எபிசோட் கடைசியில் கரோல் வீட்டு டிவியில் கோட் சூட் போட்ட ஒரு மனிதர் தோன்றி அவளோடு பேசுகிறார் அல்லவா, அங்கே ஆரம்பித்தது.

"இது யாருடா?"

"உலகத்துல இருக்கற எல்லாரும்மா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அடுத்த எபிசோடில் ஸோஷா வந்து குழிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இந்தப் பொண்ணு?"

"அதே ஆள்தான்."

"அந்தக் கோட்டுக்காரனா?"

"ஆமா."

"அப்போ அந்தச் சிடுமூஞ்சி ஒருத்தியை ஞாபகம் வெச்சுக்கிட்டாப் போதும்."

"போதும்மா."

ரொம்பத் திருப்தி. காலை நீட்டிக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். குழி வெட்டும் காட்சியில் ஒரு முறைகூட அலுத்துக்கொள்ளவில்லை, "மண்ணு கெட்டியா இருக்குபோல" என்று மட்டும் சொன்னார். பிறகு தொற்றாத மற்றவர்கள் ஒவ்வொருவராக விமானத்தில் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

மொத்தம் 13 பேர் என்று நான் இன்னும் சொல்லவில்லை.